தாட்பண இலக்கணம்: கோவில்பத்துப் பாடம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது நம் மரபு. ஆகவே முதலில் அதை முடித்துவிடுவோம். ஆக்கியோன், காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீசுவரர் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் குடியிருப்பவன், பெயர் வேண்டாம். நூல் வழங்கும் எல்லை கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நுதலிய பொருள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சாகிப் புழங்கிய காகிதப் பணமும், அச்சாகியும் பணமாக முடியாமல் நின்றுபோன சோதனைத் தாள்களும். கேட்போர், நோட்டு சேகரிப்பவர்களும் அவர்களுடைய வாரிசுகளும். பின்னவர் விரைவில் எல்லாவற்றையும் எடைக்குப் போட இருப்பவர். பயன், ஏமாறாதிருத்தல். இத்துறையில் அது முழுவதும் இயலாது என்பதால், அளவோடு ஏமாறுதல் என்று திருத்திக்கொள்க.

காரணமும் சொல்ல வேண்டும். காரைக்காலில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைத் திறந்தால் மூன்று விதமான பணம் வெளிவரக்கூடும். 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காலத்தைக் கழித்துவிட்டால், இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. கொடி அவர்களுடையது, கையில் புழங்கிய வெள்ளி ரூபாயோ பெரும்பாலும் அடுத்த ஊர்க்காரரான ஆங்கிலேயருடையது. நோட்டு, புதுச்சேரிக் கிளையின் பெயரில் இந்தோசீன வங்கி வெளியிட்ட ‘ரூப்பி’. சைகோனில் உத்தியோகம் பார்த்தவர் வீடாக இருந்தால் பெட்டியின் அடியில் பியாஸ்தரும் கிடக்கும். இத்தனை வகையை ஒரே உறையில் போட்டு ‘பழைய நோட்டு’ என்று எழுதி வைப்பது இலக்கணம் இல்லாத மக்கள் செய்யும் வேலை.

எழுத்ததிகாரம்

எண்ணும் ஒப்பமும் ஏறிய தாளே
பணமென நடக்கும், ஏறா தாயின்
உடம்பெனக் கிடக்கும், உயிர்ப்பதற் கில்லை.

இந்நூற்பா என்னுடையதே, யாப்பில் குற்றம் காண்பவர் காணலாம். எண் என்றது வரிசை எண்ணை. ஒப்பம் என்றது கையொப்பத்தை. இவ்விரண்டும் உயிர். ஓவியம், சட்டம், நீர்க்குறி, மை, தாள் எல்லாம் சேர்ந்தது மெய். இரண்டும் கூடியது உயிர்மெய். கடைக்காரர் வாங்கிக் கல்லாவில் போடுவது அதைத்தான்.

உயிர் முழுதாக ஏறாததற்கு எடுத்துக்காட்டு கேட்பீர்கள். 1918 ஜூலை 2 அன்று லண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட ‘ஷிராலா’ என்ற கப்பலை இங்கிலாந்தின் சசெக்ஸ் கரைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தகர்த்தது. கப்பலில் வெடிமருந்தும் இருந்தது, பழப்பாகும் இருந்தது, இந்திய அரசுக்காக அங்கே அச்சிட்ட நோட்டுக் கட்டுகளும் இருந்தன. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்த் தாள்களில் எண் விழுந்திருந்தது, கையெழுத்து விழவில்லை. அலை கட்டுகளைக் கரையில் ஒதுக்கியது. பெரும்பாலானவற்றை மீட்டு அழித்துவிட்டு, வேறு அச்சடித்தார்கள். சில தப்பின. 1918 மே 25 தேதியிட்ட பத்து ரூபாய்த் தாள்கள் இரண்டு 2024 மே மாதம் லண்டனில் நூனன்ஸ் ஏல நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தன. கையெழுத்து இட்டு ஒழுங்காக பம்பாய் வந்து சேர்ந்திருந்தால் ஏதோ ஒரு மளிகைக் கடையில் எண்ணெய்க் கறை பட்டு, கிழிந்து, கருவூலத்தில் எரிந்திருக்கும். மூழ்கியதால் பிழைத்தன.

இதைப் பொதுவிதியாகவே கொள்ளலாம். நன்றாக உழைத்த நோட்டு அழுக்காகி வங்கிக்குத் திரும்பும். வங்கி அதை அழிக்கும். மிஞ்சுவது வேலை கிடைக்காத நோட்டு, பாதி வழியில் நின்ற நோட்டு, வேலையிலிருந்து அவசரமாக நீக்கப்பட்ட நோட்டு. சேகரிப்பவன் தேடித் தேடி வாங்குவது தொழிலில் தோற்றவற்றைத்தான்.

ஆய்தம் போலத் தனிநிலையாக நிற்பது இரண்டரை ரூபாய் நோட்டு. முதல் உலகப் போரில் வெள்ளி கிடைக்கவில்லை. மக்களோ வெள்ளி ரூபாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டுத் தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு அனுப்பும் அளவுக்கு நெருக்கடி. அதற்கு முன்னமே, 1917 நவம்பர் 30இல் ஐந்தாம் ஜார்ஜ் படத்துடன் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 25 நோட்டுகள் கொண்ட புத்தகமாகத் தைத்து, காசோலை போலக் கிழித்துக் கொடுக்கும்படி. அடுத்து 1918 ஜனவரி 2இல் வந்தது இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. எந்தக் கணக்குப்பிள்ளை இதைக் கேட்டான் என்று தெரியவில்லை. வாங்கியவரும் அதிகம் விரும்பியதாகத் தோன்றவில்லை. 1926 ஜனவரியோடு கதை முடிந்தது. இன்று இந்தியச் சேகரிப்பாளன் கனவில் வரும் நோட்டுகளில் அது ஒன்று. ஒரு ரூபாயிலும் உட்பிரிவு உண்டு: கப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்று மூவர் கையெழுத்திட்டார்கள். அதே ராஜா, அதே தாள், கையெழுத்து மாறினால் விலை மாறும். உயிர் பன்னிரண்டு என்றால் இங்கே உயிர் மூன்று.

புள்ளியியல்

இவ்வியலை விரித்தே சொல்ல வேண்டும். தமிழில் மெய்யெழுத்தை அடையாளம் காட்டுவது தலைமேல் உள்ள புள்ளி. உயிர் இல்லை என்பதற்கு நம் முன்னோர் கண்ட குறி அது. அச்சகத்தாரும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்: பணமாகக் கூடாத தாளுக்குத் துளை போடு.

ஒரு நோட்டு பிறக்கும் வரிசை இது. ஓவியர் வரைந்து காட்டுவது எஸ்ஸே. செதுக்கிய தகட்டின் வேலையைப் பார்க்க, எண்ணோ மறுபக்கமோ இல்லாமல் அட்டையில் எடுக்கும் அச்சு டை ப்ரூஃப். அரசாங்கம் பச்சை வேண்டும் என்று சொல்லும் முன் நீலத்திலும் செம்மண் நிறத்திலும் ஊதாவிலும் அடித்துக் காட்டுவது கலர் டிரையல். எல்லாம் முடிவான பிறகு, வங்கிகளும் கருவூலங்களும் ‘இதுதான் அசல்’ என்று பழகிக்கொள்வதற்காக அனுப்புவது ஸ்பெசிமன். எண் இருக்கும் இடத்தில் வரிசையாகச் சுழியம், குறுக்கே அச்சு முத்திரை அல்லது எழுத்து வடிவில் துளைகள். பிரெஞ்சுக்காரர் என்றால் ‘ஸ்பெசிமன்’ என்றும், ரத்தான தாளில் ‘அன்னுலே’ என்றும் ஊசியால் குத்துவார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தச் சொல் ஒளியில் எழுதியது போலத் தெரியும். வாட்டர்லோ, டி லா ரூ, பிராட்பரி வில்கின்சன் போன்ற லண்டன் அச்சகங்கள் விற்பனைக்காக மாதிரிப் புத்தகங்கள் வைத்திருந்தன. நிறுவனம் கைமாறும்போது அலமாரிகளும் கைமாறும். 1990இல் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் காப்பகமே நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விற்பனையானது. உலகெங்கும் சோதனை அச்சு சேகரிப்பவர்களின் ஆல்பங்கள் தடித்தது அதன் பிறகுதான்.

நம் நாட்டிலும் வடிவம் வரை போய் நின்ற கதை உண்டு. விடுதலைக்குப் பின் ராஜாவின் தலையை எடுத்துவிட்டு யாரை வைப்பது என்ற கேள்வி வந்தபோது முதலில் காந்தி படம்தான் என்று எண்ணி, அதற்கான வடிவங்களையும் தயாரித்தார்கள். முடிவில் சாரநாத் சிங்கத்தூண் வென்றது. 1949இல் வந்த ஒரு ரூபாயில் சிங்கங்கள் நிற்கின்றன.

ஆனால் எல்லாத் துளையும் புள்ளி ஆகாது. இங்கேதான் கற்றுக்குட்டி கவிழ்கிறான். பிரெஞ்சு வங்கியில் காசாளர்கள் நோட்டுகளைக் கட்டாகக் குண்டூசியால் குத்தி வைப்பது வழக்கம். ஆகவே பிரெஞ்சு நோட்டின் ஓரத்தில் ஊசித்துளை இருந்தால் அது வாழ்ந்ததற்குச் சான்று; துளையே இல்லாத பழைய பிரெஞ்சு நோட்டைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும், அல்லது கூடுதல் விலை கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியக் கருவூலத்தில் கம்பியில் கோத்தார்கள். அந்தத் துளை பெரியது, ஓரம் துருப்பிடித்தது. நம் காலத்து வங்கி ஸ்டேப்ளர் அடித்தது. 2001இல் ரிசர்வ் வங்கி தடுக்கும்வரை நோட்டின் நீர்க்குறி இடத்தில் நாலைந்து இரட்டைத் துளை சாதாரணம். இவை மனிதத் துளைகள்.

அடுத்து அஃறிணைத் துளைகள். இராமபாணப் பூச்சி நேர்கோட்டில் போகும். கட்டில் உள்ள பத்து நோட்டிலும் ஒரே இடத்தில் உருண்டையான துளை இருந்தால் அது அதன் கைவரிசை. கரையானுக்கு நேர்மை கிடையாது, மூலையிலிருந்து மேய்ந்துவிடும். வெள்ளிப்பூச்சி பெரும்பாலும் துளைக்காது, மேல்தோலைச் சுரண்டும். ராஜாவின் தாடி மட்டும் வெளிறியிருந்தால் அதைத்தான் நினைக்க வேண்டும். நான்காவது காரைக்கால் கடற்காற்று. அது துளை போடுவதில்லை, தாளை ஈரமாக்கி இளக்கி மற்ற மூவருக்கும் பரிமாறும். எங்கள் தெருவில் சேகரிப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஆல்பத்தைத் திறப்பதே இல்லை.

புணரியல்

இரண்டு துண்டு சேர்ந்து ஒன்றாவது புணர்ச்சி. நோட்டு புணருமா என்று நகைக்க வேண்டாம். முன்னாளில் பெருந்தொகையைத் தபாலில் அனுப்புபவர் நோட்டை நடுவே வெட்டி, பாதியை முதலில் அனுப்புவார். ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் கிடைத்ததும் மறுபாதியை அனுப்புவார். வழிப்பறிக்காரனுக்குப் பாதி நோட்டால் பயன் இல்லை. இதற்கு வசதியாகவே பிரிட்டிஷ் இந்திய நோட்டில் வரிசை எண்ணை இரண்டு இடத்தில் அடித்தார்கள். பெற்றவர் இரண்டையும் சேர்த்து, பின்னால் காகிதப் பட்டை ஒட்டிப் பணமாக்கிக்கொண்டார்.

இருபாதியிலும் ஒரே எண் இருந்தால் இயல்பு புணர்ச்சி. எண் வேறானால் விகாரப் புணர்ச்சி, அது மூவகை. வியாபாரி மறுபக்கம் புதுத்தாள் ஒட்டி ஓட்டையை அடைத்திருந்தால் தோன்றல். எண்ணின் ஓர் இலக்கத்தை மைதொட்டு மாற்றியிருந்தால் திரிதல். ஒட்டிய இடத்தில் ஒரு நூலளவு காணாமல் போய் ராஜாவின் மூக்கு குட்டையாகியிருந்தால் கெடுதல். மூன்றும் ஒரே நோட்டில் வருவதும் உண்டு. அதை வாங்குவோரும் உண்டு.

சொல்லதிகாரம்

சொல் நான்கு என்பதுபோல் நோட்டும் நான்கு: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். வடசொல் எது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நாசிக்கில் அச்சகம் அமைந்து 1928 முதல் நோட்டு அங்கே அச்சாகத் தொடங்கியது. வடக்கிலிருந்து வந்தது வடசொல். தமிழில் தொகை எழுதியிருக்கும் அளவுக்குத் தமிழாகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திசைச்சொல் பியாஸ்தர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சைகோன் போனவர்கள் ஏராளம். சொல்தாவாக (சிப்பாயாக), எழுத்தராக, சுங்கத்தில், சிறையில், நீதிமன்றத்தில் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த நோட்டும் இந்தோசீன வங்கியுடையதே. பெயர்ப்பலகை ஒன்று, கிளை வேறு. 1945 முதல் ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று பாரிஸ் விகிதம் வைத்தது. சந்தையில் அதன் மதிப்பு அதைவிட மிகக் குறைவு. இந்த இடைவெளியில் பலர் பணம் பண்ணினார்கள், பிரான்சில் அது பெரிய ஊழலாக வெடித்தது, 1953 மே மாதம் விகிதம் 10 ஆக இறங்கியது. எங்கள் பக்கத்துப் பெட்டிகளில் கிடக்கும் பியாஸ்தர், அந்த விகிதம் இறங்குவதற்குள் மாற்றிக்கொள்ளாமல் விட்டவர்களின் நினைவுச்சின்னம்.

இயற்சொல் ரூப்பி. பாரிஸில் அச்சாகிக் கப்பலேறி வந்தாலும் இந்த மண்ணில் அது இயற்சொல்தான். எங்களுக்கென்றே அடித்தது வேறெங்கும் செல்லாது. இந்தோசீன வங்கி 1875இல் அமைந்தது. முதலில் பெரிய தொகைகள் மட்டும். ஒரு ரூப்பி முதல் உலகப் போருக்குப் பிறகு, ஐந்து ரூப்பி 1937இல். ஒரு ரூப்பியில் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண். மாரியம்மன் என்று யாரோ ஒரு பாட்டி கும்பிட்டதாகச் சொல்வார்கள், நம்ப வேண்டியதில்லை. கவசத்தைப் பார்த்தாலே ஐரோப்பியக்காரி என்று தெரியும். ஐம்பது ரூப்பியில் துய்ப்ளே. இதில் காரைக்காலாருக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. தஞ்சை மன்னரிடமிருந்து 1739இல் காரைக்காலைப் பெற்றபோது ஆளுநராக இருந்தவர் துமா. துய்ப்ளே பதவிக்கு வந்ததே 1742இல். ஊரை வாங்கியவர் ஒருவர், நோட்டில் ஏறியவர் மற்றொருவர். பட்டாவில் ஒரு பெயரும் வரி ரசீதில் வேறு பெயரும் இருப்பதைக் கண்டு பழகியவர்களாதலால் நாங்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

திரிசொல் என்பது பொருள் ஒன்றாகவும் படிப்பது வேறாகவும் இருப்பது. இதற்கு ஒரு நோட்டையே அருகில் வைத்துப் பார்ப்போம். இந்தோசீன வங்கியின் தாள்களில் பொடி எழுத்தில் ஒரு தேதி வரிசை இருக்கும்: 21 ஜனவரி 1875, 20 பிப்ரவரி 1888, 16 மே 1900, 3 ஏப்ரல் 1901. வங்கிக்கு நோட்டு வெளியிடும் உரிமை கொடுத்த, நீட்டித்த, திருத்திய ஆணைகளின் தேதிகள் அவை. வீட்டுக்காரர் கண்ணுக்கு முதலில் படுவது 1875. ‘தாத்தாவுக்குத் தாத்தா காலத்து நோட்டு சார்’ என்பார். நான்கு ஆணையும் அச்சாகியிருக்கிறது என்றால் அந்தத் தாள் 1901க்கு முன்பு பிறந்திருக்க வழியில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் காபி வராது. பட்டியல் தயாரிப்பவர்கள் இதே வரிசையைத்தான் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆணை நோட்டு, மூன்று ஆணை நோட்டு, நான்கு ஆணை நோட்டு என்று காலம் பிரிக்கிறார்கள். அதாவது எத்தனை பெரியோரை வணங்குகிறது என்பதைக் கொண்டு நூலின் வயதைக் கணிப்பது. நம் உரையாசிரியர்களுக்குப் புதிய முறை அல்ல.

போலி

இலக்கணத்தில் போலி குற்றமன்று. இங்கே குற்றம், பிரெஞ்சு நோட்டிலேயே அதற்கான தண்டனைச் சட்டப் பிரிவை அச்சிட்டு வைத்தார்கள். வகை அதே நான்கு. எண்ணுக்கு முன் நிற்கும் எழுத்தைச் சுரண்டி அரிய வரிசையாக்குவது முதற்போலி. நடுமடிப்பை நீராவி காட்டித் தேய்த்து, ‘மடிப்பே விழாத நோட்டு’ என்பது இடைப்போலி. தடவிப் பார்த்தால் தாள் உயிரற்றுத் தொளதொளவென்று இருக்கும், சுண்டினால் சத்தம் வராது. நைந்த ஓரத்தை நறுக்கி நேராக்குவது கடைப்போலி. பெரும்பாலும் கடையில்தான் நடக்கும். ஸ்கேலை வைத்து அளந்தால் அகப்படும். கலர் பிரிண்டரில் அடித்துத் தேநீரில் நனைத்துக் காய வைத்தது முற்றுப்போலி. அதில் விரல் வைத்தால் மேடு பள்ளம் தெரியாது. தகட்டில் செதுக்கி அழுத்திய கோடு தாளில் சற்றே எழுந்து நிற்கும், பிரிண்டர் மை படுத்தே கிடக்கும்.

இவற்றுக்கு அஞ்சித்தான் நோட்டை அமெரிக்காவுக்கு அனுப்பி, 70 புள்ளிகளுக்கு மதிப்பெண் வாங்கி, ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் திரும்பப் பெறுகிறார்கள். அப்புறம் தடவவும் முடியாது, சுண்டவும் முடியாது, முகரவும் முடியாது. பரீட்சையில் 64 வாங்கிய பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பது போல.

பொருளதிகாரம்

சுருங்கச் சொல்வேன், ஏனென்றால் விலை எழுதினால் இந்த இதழ் அச்சாவதற்குள் மாறிவிடும். வாங்குதல் களவு, கற்பு என இருவகைப்படும். ஏலத்தில் எடுத்ததை வீட்டில் சொல்லாமல் அலுவலக முகவரிக்குத் தருவித்தல் களவு. கூரியர்காரர் தவறுதலாக வீட்டுக்கே கொண்டுவந்து, தெருவே பார்க்கக் கையெழுத்துக் கேட்பது அலர். விலையைப் பாதியாகக் குறைத்துச் சொல்லி ஒப்புதல் பெறுவது கற்பு.

விற்றலில் ஒரு விதி மட்டும். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை. 1919 ரூப்பிக்கு நூறு வயது ஆகிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்து, பெட்டியைக் கிளறி, ‘இதை அங்கே நல்ல விலைக்குப் போடலாம்’ என்று சொல்லும் பேரன்மார் கவனிக்க.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றையும் சொன்ன நெறியால் கொள்க என்பது புறனடை. ஹைதராபாத் நிஜாமின் உஸ்மானியா நோட்டு வாட்டர்லோ அச்சு. சொல்லதிகாரத்தில் திசைச்சொல்லோடு சேர்க்க. இலங்கையில் 1942இல் சில்லறைப் பஞ்சத்துக்கு வந்த ஐந்து சத நோட்டை நடுவிலுள்ள துளைக்கோட்டில் கிழித்தால் இரண்டு சதமும் மூன்று சதமுமாகப் பிரியும். அரசே அனுமதித்த விகாரம் அது, புணரியலில் எதிர்த்திசையாகக் கொள்க. அதே போர்க்காலத்தில் குஜராத், ராஜபுதனச் சமஸ்தானங்கள் அட்டையில் அடித்த அணாக் கூப்பன்கள் சார்பெழுத்து.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று கைபேசியில் வரும் செய்தி எந்த அதிகாரத்திலும் அடங்காது. கமிஷன் கட்டு, வரி கட்டு என்று கேட்பவர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தனக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. டிராக்டர் நோட்டு என்னிடமும் இருக்கிறது. அதற்கு ஐந்து ரூபாய் தருவார்கள், கடைக்காரர் நல்ல மனநிலையில் இருந்தால்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நோட்டோடு வரலாம். பழைய புத்தகத்தின் நடுவில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம்.